சிவப்புத் துணி கட்டிய பியட்

மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வர என் பியட் காரில்தான் போவேன் என்று நான் சொன்னதும் என் தங்கை ருக்மணி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "சரி, நானும் வர்றேன். வழியில வண்டி தள்றதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல" என்றாள்.

எனக்கு அறுபத்தொரு வயது. வண்டிக்கு ஐம்பது. கோயமுத்தூரில் ஐ.டி.ஐ.யில் முப்பது வருடம் பிட்டர் பிரிவில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வண்டியை வாங்கியது என் கணவர். அதன் வயிற்றுக்குள் கை விட்டது எப்போதும் நான்தான். அவர் போய் எட்டு வருடமாகிறது. வண்டியை விற்கவுமில்லை, வேறு ஒரு மெக்கானிக் கையில் கொடுக்கவுமில்லை. வெண்ணெய் நிறப் பெயின்ட், ஸ்டியரிங்குக்குக் கீழே கியர், பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்காரும் சீட். நிறைமாத வயிற்றோடு வரும் பெண்ணுக்கு இதைவிடச் சௌகரியமான வண்டி கிடையாது என்பது என் கட்சி.

மகள் கார்த்திகாவை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சிவகாசியில் அச்சாபீஸில் இருக்கிறார். சம்பந்தி மாரிச்சாமி ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் போனில், "எதுக்கு அம்புட்டுத் தூரம் பளைய வண்டியில வாரீக? ஒரு டாக்சி வச்சு வந்துருங்களேன்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவருக்கு அரை மணி நேரம் பியட்டைப் பற்றி வகுப்பெடுத்தேன். பாவம், மனிதர் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் நான் வாயைத் திறக்க முடியாமல் போனதற்கு இந்த வகுப்பும் ஒரு காரணம்.

கிளம்பிய நாள் மதியம் மல்லாங்கிணற்றில் சாப்பாடு. ருக்குவோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர் ஒருத்தர் வீடு. குதிரைவாலிச் சோறு, கத்தரிக்காய் புளிக்குழம்பு, மோர் மிளகாய். எங்கள் ஊரில் குதிரைவாலியைச் சர்க்கரைக்கு நல்லது என்று மருந்து மாதிரி முகம் சுளித்துச் சாப்பிடுகிறோம். இங்கே அதையே குழம்பு ஊற்றிப் பிசைந்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வயிறு நிறைந்த தைரியத்தில் வண்டியை எடுத்தேன்.

கோயமுத்தூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கும். விருதுநகர் போகிற அந்த ரோட்டில் கருப்பு மண், சீமைக்கருவேல், அப்புறம் வானம். முதல் நாள் பெய்த மழையில் பள்ளமெல்லாம் தண்ணீர். ருக்கு, "இந்த ரோடுதானா, இல்ல அந்த டீச்சர் சொன்ன ரோடு வேறயா?" என்று ஆரம்பித்தாள். அவளுக்குப் பதில் சொல்லத் திரும்பினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

ரோட்டுக்குக் குறுக்கே குழாய் பதிக்க வெட்டி, மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். மழையில் மண் இறங்கி, மேலே தண்ணீர் நின்று, பார்க்க ரோடு மாதிரியே இருந்தது. இடது முன் சக்கரம் அதில் இறங்கிய சத்தம் எனக்குக் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. ருக்குவின் மடியிலிருந்த முறுக்கு டப்பா கண்ணாடி வரை போய்த் திரும்பி வந்தது. "முருகா!" என்று கத்தியவள், வண்டி நின்ற பிறகு இன்னொரு தடவை நிதானமாக, "முருகா" என்றாள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வேலியோரமாக வந்து எட்டிப் பார்த்தாள். "அடி ஒண்ணும் படலயே? இன்னைக்கு விளுந்ததுல நீங்க அஞ்சாவது ஆளு. அந்தா, முள்ளுல தொங்குது பாருங்க மட்கார்டு, அது நேத்து விளுந்தவுகளுது."

"ஒரு கிளையை ஒடிச்சு வெச்சிருக்கக் கூடாதாம்மா?" என்றேன்.

"வச்சோமே! வெறகுக்கு ஆவும்னு எவளோ தூக்கிட்டுப் போயிட்டா." அவள் தலையில் ஒரு விறகுக்கட்டு இருந்தது.

இறங்கிப் பார்த்தேன். ரிம் வளையவில்லை. டயர் பக்கவாட்டில் புடைக்கவில்லை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசியவில்லை, பிரேக் டியூப் காய்ந்துதான் இருந்தது. முன் மட்கார்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தி விட்டேன். ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சாண் வைத்துப் பார்த்தேன். இடமும் வலமும் ஒன்றுதான். கொஞ்ச தூரம் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்து ஓட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. எல்லாம் முன்பக்கம்தான் பார்த்தேன். பின்பக்கம் போய்க் குனியவே இல்லை. மாணவர்களுக்கு வருடா வருடம் தொண்டை வற்றச் சொன்ன பாடம் எனக்கு அந்த வெயிலில் ஞாபகம் வரவில்லை.

"ருக்கு, அங்க போயி இதையச் சொல்லிட்டு இருக்காதே" என்றேன்.

"நான் ஏன் சொல்றேன்? எனக்குப் பேச்சே வரல" என்றாள்.

விருதுநகரில் ஆளுக்கு இரண்டு பொரித்த பரோட்டா. எண்ணெயில் முறுகலாகப் பொரித்து, பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றித் தருகிறார்கள். "ஏலே, கார்ல வந்த அம்மாகளுக்கு இன்னும் ஒரு கரண்டி ஊத்துலே" என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது. பத்துப் பேர் நடுவே எங்களுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை என்று பார்த்தால், கல்லாக்காரர் கண் முழுக்க வாசலில் நின்ற பியட் மேல் இருந்தது. மனசு குளிர்ந்துவிட்டது. பள்ளத்தை அத்தோடு மறந்தேன், அல்லது மறந்த மாதிரி இருந்துகொண்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவரும் அப்போதுதான் வேலை முடிந்து வந்தார். வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தகடு அடித்திருந்தது. அதை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைத்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, "கம்பெனியில ஒவ்வொரு ரூம் வாசல்லயும் இருக்கும். ஒடம்புல இருக்குற கரண்டு தரைக்குப் போயிரணும்ல, அதுக்கு. முப்பது வருசப் பளக்கம், வீட்ல நொளையும்போதும் கை தேடுது. அதான் இங்கனயும் ஒண்ண அடிச்சு வச்சிட்டேன்" என்றார்.

நான் பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். "இளுக்காதீக! தூக்கி வைங்க!" என்று ஒரு சத்தம். திடுக்கிட்டுப் போய் நின்றேன். சம்பந்தியம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். "பயந்துட்டீகளா? இவுக வீட்ல நாற்காலியக்கூட யாரும் இளுக்கக் கூடாது. ஒரசுனா ஆவாதாம். என்னமோ நான் அடுக்களைக்குள்ள சரவெடி சுத்துற மாதிரி!"

மாரிச்சாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியை அவரே தூக்கி வைத்துவிட்டு, "வளியில ஒண்ணும் சிரமம் இல்லையே?" என்று கேட்டார்.

"ஒரு தொந்தரவும் இல்லீங்க. வண்டி கப்பல் மாதிரி வந்துது" என்றேன். ருக்கு முறுக்கு டப்பாவைத் திறந்து உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் இருக்கன்குடி. வளைகாப்புக்கு முன்னால் மாரியம்மனைப் பார்த்துவிட வேண்டும் என்று கார்த்திகா ஆசைப்பட்டாள். முன்னால் நானும் ருக்குவும். பின்னால் அவளும் அவள் மாமியாரும். கார்த்திகா வலது பக்கம், எனக்கு நேர் பின்னால். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். போட்டோவில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள், வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது.

ஒரு திருப்பத்தில், "அம்மா, என் சீட்டுக்குக் கீழ என்னமோ டொக்குங்குது" என்றாள்.

"ஜாக்கியா இருக்கும், கண்ணு. டிக்கியில ஆடுது."

அது ஜாக்கி இல்லை. ஜாக்கியை நான் எப்போதும் சாக்கில் சுற்றிக் கட்டித்தான் வைப்பேன். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

கோவிலில் நல்ல கூட்டம். தீச்சட்டி, மொட்டை, ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம், அதே ஆட்டுக்குப் புண்ணாக்கு ஊட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர். எங்கள் பக்கம் மாரியம்மன் கோவிலில் வரிசை கயிறு கட்டின மாதிரி நிற்கும். இங்கே வரிசை என்பது முழங்கை. ஆனால் கார்த்திகாவின் வயிற்றைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே வழி திறந்தது. "பிள்ளத்தாச்சி வருது, வெலகுங்க" என்று குரல் மாறி மாறி எங்களைக் கொண்டுபோய் அம்மன் முன்னால் விட்டது. கண்ணை மூடினேன். வேண்டுதல் எதுவும் வரவில்லை. டொக் என்ற அந்தச் சத்தம்தான் வந்தது.

திரும்பும்போது சாத்தூரில் சேவு வாங்கினோம், வெள்ளரிப் பிஞ்சு வாங்கினோம். வெள்ளரியை அங்கேயே கீறி மிளகாய்ப் பொடி தூவித் தந்தார்கள். ருக்கு நாலு தின்றாள். நான் ஒன்றைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு மகளிடம் கொடுத்தேன். வீடு வரைக்கும் மாட்டு வண்டி வேகத்தில் வந்தேன்.

வீட்டில் வளைகாப்புச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். கோயமுத்தூரிலிருந்து கொண்டு போன கண்ணாடி வளையல், எட்டுப் பெட்டி. அதில் ஒன்று ருக்குவின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் சட்டென்று எடுத்து, மற்ற ஏழோடு சேர்த்து அடுக்கிவிட்டாள். எந்த மனுஷியும் செய்கிற காரியம்தான்.

மாரிச்சாமி எழுந்து வந்தார். "தங்கச்சி, விளுந்தது எது?"

"ஒண்ணுமில்லீங்க, லேசாத்தான்..."

"விளுந்ததத் தனியா வைங்க."

பரணிலிருந்து ஒரு சிவப்புத் துணிக் கிழிசலை எடுத்து வந்து அந்தப் பெட்டியில் கட்டினார். சம்பந்தியம்மா, "வந்துட்டாருப்பா போர்மேன்!" என்று கேலி செய்தார். அவர் சிரிக்காமல் பெட்டியைத் திறந்தார். மேல் வரிசையில் எல்லாம் நன்றாக இருந்தன. அடியில் மூன்று வளையல் கீறல் விட்டிருந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரிந்தது.

"இத பிள்ள கையில போட்டு, சபையில வச்சு ஒடஞ்சிருந்தா? அம்புட்டுப் பேரு மனசும் என்னமா இருக்கும்?" என்றார். பிறகு உட்கார்ந்து சொன்னார். "எங்க கம்பெனியில ஒரு பொட்டி கீள விளுந்துச்சுன்னா, போட்ட ஆளே வந்து சொல்லணும். அதுல சிவப்புத் துணியக் கட்டி வேப்ப மரத்தடியில தனியா வச்சிருவோம். லோடுல ஏத்த மாட்டோம். சீசன் நேரம், ஆர்டர் நிக்கிது, மொதலாளி கத்துவாரு. கத்தட்டும். விளுந்தது வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். உள்ள என்ன ஆச்சுன்னு அதுக்கே தெரியாது. கீள போட்டேன்னு சொன்னவுகள நான் ஒரு நாளும் வஞ்சதில்ல. போட்டுட்டுச் சொல்லாம அடுக்கி வச்சவுகளத்தான் மறுநாளு வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

ருக்கு என்னைப் பார்த்தாள். வளையலுக்காகப் பார்க்கவில்லை.

பக்கத்து அறையில் கார்த்திகா காலை நீட்டிப் படுத்திருந்தாள். அன்றைக்கு முழுக்க அவளை அந்தச் சத்தத்தின் மேல் உட்கார வைத்து ஊர் சுற்றியிருக்கிறேன். எதற்காக? போனில் எடுத்த அரை மணி நேர வகுப்புக்காக. நினைக்க நினைக்க என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"சம்பந்தி, நானும் ஒண்ணைக் கீழ போட்டுட்டேனுங்க" என்றேன்.

"என்னத்த?"

"வண்டியை."

எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளம், நான் பார்த்தது, பார்க்காதது. கடைசியில் அவர் ஒன்றுதான் கேட்டார். "அதுக்குப் பொறவு பிள்ள அதுல ஏறுச்சுல்ல?"

"ஏறினாளுங்க. சத்தமும் கேட்டுது. நான்தான் ஜாக்கின்னு சொல்லிட்டேன்."

அவர் வையவில்லை. வைதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "சரி, சொல்லிட்டீகள்ல. காலைல செல்வராசுகிட்டக் கொண்டு போவம்" என்றார்.

செல்வராஜின் கொட்டகை ஊரைத் தாண்டி ரோட்டோரத்தில் இருக்கிறது. நாற்பது வயது ஆள், அதிகம் பேசாதவர். இரண்டு வயல் தள்ளிப் பட்டாசுக் கம்பெனி. அதனால் அந்தக் கொட்டகையில் வெல்டிங் கிடையாது, சாணை பிடிப்பது கிடையாது. நான் பார்த்த ஒர்க்‌ஷாப் எல்லாவற்றிலும் சுவரில் சாமி படம் இருக்கும். இங்கே சாமி படத்துக்குக் கீழே வரிசையாக மணல் வாளி. சுத்தியல்கூடத் தீப்பொறி பறக்காத பித்தளை. "இரும்ப இரும்பால தட்டிப் பளகினா, கை எங்கன போனாலும் தட்டும். அதான் வைக்கிறதில்ல" என்றார். தகட்டை வெட்டி வெல்டு வைக்கிற வேலை வந்தால் வண்டியைச் சாத்தூருக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போவாராம்.

"அடி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது முன் சக்கரம்."

அவர் நேராக வலது பின் சக்கரத்துக்குப் போய்க் குந்தினார். "முன்னாடி இல்லீங்களா?" என்றேன்.

"அடி வாங்குனவன் சத்தம் போட்டுட்டாம்லம்மா, அவன நீங்க பாத்துட்டீக. சத்தம் போடாதவன மொதல்ல பாப்போம்."

ஒரு மூலையில் அடி விழுந்தால் எதிர் மூலையைப் பார் என்பதுதான் நான் மறந்த பாடம். கரும்பலகையில் படம் போட்டு, பெருக்கல் குறி இட்டு, எத்தனை பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

சக்கரங்களை நேராக வைத்துக்கொண்டு, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவுக்கு ஒரு நூல் பிடித்தார். இடது பக்கம் அளந்த நூலை அப்படியே வலது பக்கம் கொண்டு வந்தார். நூல் பற்றவில்லை. ஒரு விரல் கட்டை குறைவு. அதாவது வலது பக்கம் பின் அச்சு ஒரு விரல் பின்னால் தள்ளியிருக்கிறது. மாரிச்சாமி அந்த ஒரு விரலை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்தார்கள். பியட்டுக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். அதன் முன் முனையைப் பிடித்திருக்கிற பிராக்கெட், பின்சீட்டுக்கு நேர் கீழே, வண்டியின் அடித்தகட்டில் பொருத்தியிருக்கும். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்தேன். பட்டையில் ஒன்றும் இல்லை. போல்ட் இறுக்கமாக இருந்தது. பிராக்கெட்டும் முழுசாக இருந்தது. பிறகு எது நகர்ந்தது?

"கொஞ்சம் மண்ணெண்ணெய் வேணும். கோலப்பொடி கிடைக்குமா?" என்றேன். சம்பந்தி பைக்கில் போய்க் கோலப்பொடியை ஒரு டப்பாவில் வாங்கி வந்தார். தகட்டைச் சுரண்டித் துடைத்து மண்ணெண்ணெய் தடவினேன். கொஞ்சம் ஊற விட்டு, மேலாகத் துணியால் உலரத் துடைத்து, கோலப்பொடியைப் பூசினேன். செல்வராஜ் பித்தளைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். கீறல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியை நனைத்துக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பேரும் மல்லாந்து படுத்துக் காத்திருந்தோம்.

வந்தது. வெள்ளைப் பொடியில் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பிராக்கெட்டைச் சுற்றி ஒரு சதுர ஒட்டுத் தகடு இருந்தது; அதன் மூன்று பக்கமும் கோடு ஓடியது. நாலாவது பக்கம் மட்டும்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இது யாரு வச்ச ஒட்டு?" என்றார் செல்வராஜ். "வெல்டு நல்லாத்தான் ஓட்டியிருக்காக. ஆனா துருவ முளுசா வெட்டி எடுக்காம மேலயே வச்சிருக்காக. அடியில துரு தின்னுக்கிட்டே இருந்திருக்கு. இன்னும் ஒரு பள்ளம்மா, அம்புட்டுதான். அச்சு ஒரு பக்கம் போயிரும், வண்டி ஒரு பக்கம் போயிரும்."

ருக்கு குனிந்து பார்த்தாள். மாரிச்சாமி பார்த்தார். ஏதோ ஒரு பட்டறை என்று சொல்லிவிட்டிருக்கலாம். கோயமுத்தூரில் பட்டறைக்கா பஞ்சம்?

"நான்தான் வெச்சேன்" என்றேன்.

கார்த்திகாவின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தத் துருவைப் பார்த்தேன். நல்ல இரும்பு வருகிற வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஒட்டுப் போட வேண்டும். வெட்டினால் பத்து நாளாகும். மண்டபத்துக்குப் பெண் இந்த வண்டியில்தான் வர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். மேலேயே தகடு வைத்து, அழகாக வெல்டு ஓட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். கல்யாணம் முடிந்ததும் சரியாகச் செய்யலாம் என்று நினைத்தேன். பெயின்ட் அடித்த பிறகு கண்ணுக்கும் தெரியவில்லை, நினைவுக்கும் வரவில்லை. பள்ளத்தில் நேற்று முன்தினம் விழுந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் விழுந்து இரண்டு வருடமாகியிருக்கிறது.

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் மணல் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒன்பது மாத வயிற்றுக்காரியை அதில் உட்கார வைத்துத் திண்டுக்கல், பல்லடம் என்று வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போயிருப்பேன், பெருமையாக. ருக்கு முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அது அவள் குணமே இல்லை என்பதால் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

மாரிச்சாமி எங்கிருந்தோ கருப்பட்டிக் காப்பி வாங்கி வந்து கொடுத்தார். "குடிங்க. கண்டுபிடிச்சாச்சுல்ல. கண்டுபிடிச்ச பொட்டி யாரையும் ஒண்ணும் செய்யாது" என்றார். அவர் முன்னாலேயே செல்வராஜிடம் சொன்னேன்: நல்ல இரும்பு வருகிற வரைக்கும் வெட்டுங்கள், எத்தனை நாளானாலும் பரவாயில்லை. வேலை முடிந்ததும் வண்டியைச் சம்பந்தி வீட்டு வேப்ப மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்துவதாகப் பேச்சு. கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். பியட்டின் கதவுக் கைப்பிடியில் மாரிச்சாமி சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார். பார்க்க வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அடுத்த நாள் வளைகாப்பு. ஏழு பெட்டி வளையலில் ஒன்றுகூட உடையவில்லை. ஏழு வகைச் சோறு என்று ஆரம்பித்துச் சம்பந்தியம்மா ஒன்பது வகை செய்திருந்தார். மாப்பிள்ளை காலண்டர் சீசன் வேலைக்கு நடுவே ஓடி வந்து, விரல் இடுக்கில் இன்னும் மை போகாத கையால் சந்தனம் தடவினார். மதியம் அவரே கம்பெனி வண்டியில் எங்களை விருதுநகர் ஸ்டேஷனில் கொண்டுவந்து ரயிலேற்றினார். முப்பது வருடத்தில் பியட் இல்லாமல் நான் வெளியூர் போய்த் திரும்பியது அதுதான் முதல் தடவை.

ரயிலில் கார்த்திகாவிடம் நானே சொன்னேன். ஒட்டு வைத்ததையும் சொன்னேன், ஜாக்கி பொய்யையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம்தான். மதுரை வந்தது, போனது. ருக்கு சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள், யாரும் தொடவில்லை. திண்டுக்கல்லில் வண்டி நின்றபோதுதான் கார்த்திகா வாய் திறந்தாள்.

"இனிமே எதுல வண்டிய விட்டாலும் சொல்லிரும்மா. சின்னதா இருந்தாலும் சொல்லிரு."

"சரி கண்ணு."

"நீ பயந்தா நானும் பயந்துக்குவேன், அவ்வளவுதானே? நீ சொல்லாம இருந்தா நான் சிரிச்சுட்டே உக்காந்திருப்பேன். அதுதாம்மா எனக்குக் கஷ்டமா இருக்கு." சொல்லிவிட்டுச் சேவில் ஒரு கை அள்ளிக்கொண்டாள்.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். ஐந்தாம் மாதம் குழந்தையைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கு மறுபடி போனோம், ரயிலில்தான். பியட் வேப்ப மரத்தடியில் நின்றது. மேலெல்லாம் வேப்பம்பழமும் குருவி எச்சமும். கைப்பிடியில் சிவப்புத் துணி வெளுத்துப் போயிருந்தது.

"செல்வராசு வேலைய முடிச்சு மாசக்கணக்காச்சு. நான் துணிய அவுக்கல" என்றார் மாரிச்சாமி. "போட்டேன்னு சொன்னவுகதான் அவுக்கணும். எங்க கம்பெனி வளக்கம்."

பயணப் புடவையைக்கூட மாற்றவில்லை. சாக்கை விரித்து அடியில் படுத்தேன். புதுத் தகடு, நல்ல இரும்போடு இரும்பாகச் சேர்த்திருந்தார்கள். இருந்தாலும் மண்ணெண்ணெய் தடவினேன், சம்பந்தியம்மாவின் கோலப்பொடியைப் பூசினேன், தட்டினேன், காத்திருந்தேன். பொடி வெள்ளையாகவே இருந்தது. நூல் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்று. நாலு மூலையையும் பார்த்து முடித்த பிறகு எழுந்து துணியை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

அன்று மாலையே குழந்தையோடு இருக்கன்குடிக்குக் கிளம்பினோம். ருக்கு என் பக்கத்தில். கார்த்திகா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதே வலது பக்கம், எனக்கு நேர் பின்னால். ஒன்றும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

ஊர் எல்லையிலேயே ஒரு குழி. "இடது முன் சக்கரம். சின்னதுதான்" என்று உரக்கச் சொன்னேன்.

"சரிம்மா" என்றாள் பின்னாலிருந்து.

"வலது பின் சக்கரம். ஒரு கல்லு."

"சரிம்மா."

"இப்படியே கோயில் வரைக்கும் ஒப்பிக்கப் போறியாக்கா?" என்றாள் ருக்கு. முன்னால் வேகத்தடை வந்துகொண்டிருந்தது. வண்டியை முழுக்க மெதுவாக்கி, பூப்போல ஏற்றி இறக்கினேன். ஒரு சத்தமும் வரவில்லை. அதையும் சொன்னேன்.